வெள்ளிக்கிழமைகளில் வளர்ந்த தோல்

'ஓய்வு பெறும் செயலாளர் புதியவர்களுடன் பேசுகிறார்' என்று நம் ஹாம் ரேடியோ கிளப் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துவிட்டு, நரைத்த மீசையோடு யாரோ வரப்போகிறார் என்று நீங்கள் நால்வரும் நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. ஓசூரில் வேறு வேலை கிடைத்ததால், ஆம்பூர் தோல் ஆலையின் பராமரிப்பு வேலையையும் கிளப் பொறுப்பையும் ஒரே வாரத்தில் விடுகிறேன். அந்த ஆலையின் மாடியில் நான் கட்டிய ஆன்டெனாக் கம்பியையும் மின்சார அறையில் இருக்கும் ரேடியோவையும் இனி நீங்கள்தான் நடத்தப் போகிறீர்கள். ஆகவே எனக்கு அறிவுரை சொல்லும் உரிமை உண்டு. அனுபவத்தால் வந்த உரிமை இல்லை. நான் செய்த கூத்துகளால் வந்த உரிமை.

ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் உங்களுக்குப் பரீட்சையிலேயே கேட்டுவிட்டார்கள். நான் சொல்லப்போவது பரீட்சையில் வராதது. ஒரு கருப்பு வளையத்தைக் கேபிளில் சுற்றச் சோம்பல்பட்ட ஒருவன், ஒரு பெண்ணின் பெயரில் எப்படித் திருட்டுப் பட்டம் விழ வைத்தான் என்கிற கதை. அந்த ஒருவன் நான்.

கதை ஆலையில் தொடங்கவில்லை. நான் குடியிருந்த வீட்டின் அழைப்பு மணியில் தொடங்கியது.

இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரம்மா கீழே. மொட்டை மாடியில் கம்பி கட்ட அனுமதி கேட்டபோது, "துணி காயப் போடறதுக்கு தானே? கட்டிக்கோ, நானும் ரெண்டு புடவை போட்டுக்கறேன்" என்றார். கட்டினேன். ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில், மறுமுனை அடுத்த மூலையில் நட்ட மூங்கிலில். தொட்டிப் பக்கத்து முனையிலிருந்து என் ரேடியோவுக்கு ஒரு கேபிள். கம்பியின் நீளம்? கையில் இருந்த நீளம். ரேடியோவுக்கு அந்த நீளம் பிடிக்கவில்லை. அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டரில் முள் எகிறியது. அதற்காக ஒரு ட்யூனர் வாங்கி நடுவில் வைத்தேன். இரண்டு குமிழைத் திருகினேன், முள் சமர்த்தாகக் கீழே வந்து உட்கார்ந்தது. ஒன்றுக்கு ஒன்று, அதாவது எதுவும் திரும்பவில்லை! இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

தந்தி விசையை அழுத்தி உலகத்தைக் கூப்பிட்டேன். உலகம் பதில் சொல்லவில்லை. கீழ்வீட்டு அழைப்பு மணி சொன்னது.

நான் நீளமாக அழுத்தினால் மணி 'டிங்டாங்' என்றது. குட்டையாக அழுத்தினால் 'டிங்' என்று பாதியில் நின்றது. வீட்டுக்காரம்மா வாசலுக்கு ஓடுவார். யாரும் இருக்கமாட்டார்கள். அந்த வாரம் அவருக்குக் கேஸ் சிலிண்டர் வரவேண்டியிருந்தது. அவர் போட்ட முடிச்சு இது: "சிலிண்டர்காரன் பெல்லு அடிச்சிட்டு, நான் வர்றதுக்குள்ள ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போய்ட்றான். கொழுப்பு!" ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கிழித்தெடுத்தார்.

மாடியில் நான் எல்லாம் புரிந்தவனாக, எதுவும் தெரியாதவனாக உட்கார்ந்திருந்தேன். காற்றலையில் அடிக்கடி சந்திக்கும் ஹைதராபாத் நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்லக்கூடாது என்பது அவர் நிபந்தனை. அவரிடம் வேடிக்கையாக இதைச் சொன்னேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "கேபிளுக்குச் சோக் போட்டாயா?"

"எதற்கு? என் மீட்டர் ஒன்றுக்கு ஒன்று காட்டுகிறதே."

"ட்யூனர் உன் ரேடியோவைத்தான் சமாதானப்படுத்தும். கேபிளை இல்லை" என்று அனுப்பிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

இந்த இடத்தில் இரண்டே நிமிடப் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் மட்டும் மின்சாரம் ஊட்டும் நீளக் கம்பிக்கு இன்னொரு கால், அதாவது மின்சாரம் திரும்பும் வழி, வேண்டும். நீங்கள் கொடுக்கவில்லை என்றால் அதுவே தேடிக்கொள்ளும். அருகில் கிடைப்பது கேபிளின் வெளி உறைதான். உள்ளே மட்டும் ஒழுங்காகப் போகவேண்டிய அலை, உறையின் வெளிப்பக்கத்தில் ஏறி உங்கள் அறைவரை இறங்கி வரும். வழியில் மணி, மைக், தொலைக்காட்சி என்று எது இருந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டு வரும். கேபிளும் ஆன்டெனாவாகிவிடும்.

ட்யூனர் அதைத் தடுக்காது. அது கம்பெனி வரவேற்பறையில் சிரித்தபடி உட்கார்ந்திருப்பவரைப் போல. பின்பக்கம் பற்றி எரிந்தாலும் வருகிறவரிடம் 'எல்லாம் நல்லா போகுது சார்' என்பார். எரிவதை நிறுத்த வேண்டுமானால் கேபிளை ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதுதான் சோக். உள்ளே போவதை அது தொடாது. வெளியே ஊர்வதை மட்டும் நிறுத்தும். கம்பிக்கு ஒழுங்கான இரண்டாவது காலையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஹைதராபாத் நண்பர் சொன்னதற்காக வளையம் வாங்கினேன். பன் அளவு, கருப்பு, நல்ல கனம். சுற்றினேனா? இல்லை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று தெரிந்தது. வீட்டிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி ஆலைக்குக் கொண்டுபோய்விட்டேன். மணி நின்றது. வீட்டுக்காரம்மா வெற்றிப் புன்னகையோடு சொன்னார்: "பாத்தியா, ஒரு புகார் குடுத்தேன், அந்த சிலிண்டர்காரனை வேற ஏரியாவுக்கு மாத்திட்டாங்க. அன்னையிலேர்ந்து பெல்லு அடிக்கவே இல்ல."

நான் "அப்படியா மா" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடி ஏறினேன். இந்தச் சிரிப்பை நினைவில் வைத்திருங்கள்.

ஆலையில் கம்பி கட்ட முதலாளியிடம் கேட்டேன். உரிமத்தில் அந்த இடத்தைச் சேர்த்தது உள்பட எல்லாத் தாள்களும் சரியாக இருந்தன. சரியாக இல்லாதது நான் அவரிடம் கேட்ட விதம். "மத்தியான பிரேக்ல ரேடியோ வெச்சிக்கலாமா சார்?" "கேளுப்பா, சத்தம் கம்மியா வெச்சிக்கோ. பழைய பாட்டு வந்தா என்னையும் கூப்பிடு" என்றார். விளக்கம் கொடுக்க வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். கிடைத்த அனுமதியை எதற்குக் கெடுப்பது?

கம்பி தொட்டியிலிருந்து புகைபோக்கிவரை போனது. கேபிள் சுவரோடு இறங்கி, முடித்த தோலை அளக்கும் கூடத்தின் மேல் ஓடும் ஒயர்த் தட்டில் மற்ற ஒயர்களோடு படுத்து, முதல் மாடியில் இருக்கும் மின்சார அறைக்கு வந்தது. அங்கே ரேடியோ, ட்யூனர். முள் ஒன்றுக்கு ஒன்று. வளையம் என் மேசையில், காகிதம் பறக்காமல் இருக்க.

ஆனால் ஆலை ஓடும்போது எதுவும் கேட்காது. தோல் பதனிடும் டிரம், கம்ப்ரசர், அவற்றை ஓட்டும் டிரைவ் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து காதில் இரைச்சலைக் கொட்டும். வாரத்தில் ஒரே ஒரு வேளைதான் அது அடங்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா. பாதி ஆட்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள், டிரம் எல்லாம் நிற்கும். ஒன்றே கால் மணி நேரம். அப்போது காற்றலை மழை பெய்து ஓய்ந்த தெருவைப் போல இருக்கும். கொழும்பு, கொச்சி, ஹைதராபாத், எல்லாம் பக்கத்து மேசை மாதிரி கேட்கும். நான் வெள்ளிக்கிழமைக்காகவே வாரத்தை ஓட்டினேன்.

அந்த வேளையில் ஆலையில் ஓடும் இயந்திரம் ஒன்றே ஒன்று. தோலின் பரப்பை அளக்கும் இயந்திரம். முடித்த தோலை எத்தனை சதுர அடி என்று அளந்து, பின்பக்கம் எண்ணைக் குத்தித்தான் வாங்கும் பார்ட்டிக்கு அனுப்புவார்கள். தோல் உருளும் பட்டையில் போகும். குறுக்கே வரிசையாக இருக்கும் கண்கள் எவ்வளவு இடம் மறைகிறது என்று எண்ணும். எண் திரையில் வரும். இதை நடத்தியவர் நசீமா அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். ஆட்டுத்தோலைக் கையில் தூக்கியதுமே "நாலே கால்" என்பார், பிறகுதான் இயந்திரம் அதையே சொல்லும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாததால் அவர் உட்காராமல் அளந்து தள்ளுவார்.

மூன்று வெள்ளிக்கிழமைகள் போயின. நான்காவது வாரம் புதன்கிழமை ஒரு பார்ட்டி லாட்டைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் திரும்ப அளந்ததில், பல தோல்கள் குத்தியிருந்த எண்ணைவிட அரை அடி குறைவு. எல்லாம் வெள்ளிக்கிழமை அளந்தவை.

சூப்பர்வைசர் குமரேசன் அண்ணனுக்கு முடிவு செய்ய ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. தோல் பட்டையில் போகும்போது கையை விடாமல் லேசாகப் பிடித்து இழுத்தால் கண்கள் கூடுதலாக எண்ணும். இந்த வேலையில் எல்லோருக்கும் தெரிந்த தில்லுமுல்லு அது. "பாய்ங்க எல்லாம் தொழுகைக்குப் போனதும், பாக்கறதுக்கு ஆள் இல்லன்னு, அளவை ஜாஸ்தி காட்டி நல்ல பேரு வாங்கப் பாக்குது" என்றார். முறைப்படி இயந்திரத்தையும் சோதிக்க வேண்டுமே. பராமரிப்பு யார்? நான்.

வியாழக்கிழமை காலை, அளவு தெரிந்த வட்டத் தகட்டை இருபது முறை உள்ளே விட்டேன். இருபது முறையும் கச்சிதம். காகிதத்தில் எழுதினேன்: 'இயந்திரத்தில் குறை ஏதும் இல்லை.' அங்கே நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, கெட்டிக்காரத்தனமாக இன்னொரு வரி சேர்த்தேன்: 'இயக்குபவரின் முறையைக் கவனிக்கவும்.' கையெழுத்துப் போட்டு, பறக்காமல் இருக்க அதன்மேல் வளையத்தை வைத்தேன்.

ஆமாம், அதே வளையம்.

வெள்ளிக்கிழமை காலை நசீமா அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். திங்கள் முதல் பச்சைத்தோல் பிரிவு. அங்கே அளவும் இல்லை, எண்ணும் இல்லை. உப்பும் நாற்றமும்தான். வேலை மாறுவதுகூடப் பரவாயில்லை. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுவரை, வாணியம்பாடிவரை, அளக்கிறவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். 'அளவில் கைவைத்தவள்' என்று ஒருமுறை பெயர் விழுந்தால் எந்த ஆலையிலும் அவரை அந்த இயந்திரத்தின் பக்கம் விடமாட்டார்கள்.

அன்று மத்தியானம் ஜும்மாவுக்கு எல்லோரும் போனபின், நான் ஒரு குட்டி ஓட்டம் ஓடி மின்சார அறைக்குப் போனேன். பத்து நிமிடம் எல்லாரையும் கூப்பிட்டேன். தண்ணீர் குடிக்கக் கீழே வந்தபோது அளக்கும் கூடத்தில் அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இயந்திரம் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

"வா, எஞ்சினீரு. மெஷின்ல குறை இல்லன்னு எழுதினியாமே."

"இருபது தடவை பாத்தேன்கா. கரெக்டா இருந்துச்சு."

"நீ பாத்தது வியாழக்கிழமை மெஷினு. இது வெள்ளிக்கிழமை மெஷினு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"முதல் வாரமே குமரேசன் சார்கிட்ட சொன்னேன். சார், என் கையில நாலே கால், மெஷின்ல நாலே முக்கா வருது. இன்னா பண்றதுன்னு. 'மெஷின் பொய் சொல்லுமா? வர்ற நம்பரை குத்து'ன்னாரு. குத்தினேன். இப்ப நான் கள்ளி."

"அக்கா, தோலை கொஞ்சம் இழுத்துப் புடிச்சாக்கூட..."

"தோலே இல்லாம வருதுடா தம்பி! சும்மா ஓட்டி வெச்சா நம்பர் தானா குதிக்குது. இப்பக்கூட குதிச்சுது. அதுவும் ஒரு தினுசா." மேசையை விரல் கணுவால் தட்டிக் காட்டினார். "இப்படி. மூணு வாரமா பாத்துப் பாத்து மனப்பாடமே ஆய்டுச்சு."

டா டி டா டி. டா டா டி டா.

உங்களுக்கு இதை எழுத்தாக மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை எழுதியவர்கள் நீங்கள். கூட வந்து உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: 'யார் வேண்டுமானாலும் பேசுங்கள்' என்று எங்கள் உலகம் முழுவதும் அனுப்பும் அழைப்பு அது. பத்து நிமிடத்துக்கு முன் நான் அனுப்பியது. இந்தியாவில் எந்த வகுப்பிலும் சேராமல் அதைக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார்.

"அக்கா, போனை ஆன்ல வெச்சிட்டு அந்த நம்பரையே பாத்துட்டு இருங்க. குதிச்சா சொல்லுங்க."

ஓடினேன். விசையை ஒருமுறை அழுத்தினேன்.

போனில்: "ஆங்... குதிச்சுது."

இரண்டு முறை.

"ரெண்டு."

விடாமல் அழுத்திப் பிடித்தேன்.

"யம்மா, ஏறிட்டே போவுது! விடு, விடு! தம்பி, நீ எங்கேர்ந்து இதை பண்றே?"

கீழே வந்து சொன்னேன். கேபிள், தட்டு, கண்களின் ஒயர், எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"மூணு வாரமா மெஷினுக்குள்ள ஜின்னு பூந்துடுச்சுன்னு ஓதி ஓதி ஊதிட்டு இருக்கேன்" என்றார். "ஜின்னு எஞ்சினீரிங் படிச்சிருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

என் மூளை அதற்குள் தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. அது எப்போதும் அதில் வேகம். "அக்கா, சாயந்திரத்துக்குள்ள ஒரு வளையம் சுத்தி மாட்டிடறேன். இனிமே ஒரு தோல் கூட தப்பா வராது. யாருக்கும் தெரியவே வேணாம்."

"சரி. தப்பா வராது." அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "திங்கக்கிழமை நான் பச்சைத்தோல்ல இருப்பேன். இங்க வேற ஆளு அளக்கும். அளவு கரெக்டா வரும். அப்ப ஊரு இன்னா சொல்லும்? அவ போனா, திருட்டும் போச்சுன்னு தானே?"

எனக்குச் சிலிண்டர்காரர் ஞாபகம் வந்தார். மணியை நான் நிறுத்தியதால்தான் அவர் குற்றவாளி ஆனார். பழுதைச் சத்தமில்லாமல் சரிசெய்வது நல்ல காரியம் என்றுதான் நாம் நினைக்கிறோம். பழி ஏற்கெனவே ஒருவர்மேல் விழுந்திருந்தால், சத்தமில்லாமல் சரிசெய்வது அந்தப் பழிக்கு முத்திரை குத்துவது. இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே உருப்படியான விஷயம் இதுதான். அதையும் எனக்குச் சொன்னது அக்காதான்.

"இப்பவே சொல்லிடலாம்கா" என்றேன். குரல் நான் விரும்பிய அளவுக்குக் கம்பீரமாக வரவில்லை. வேலை போகும் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"கழட்டாதே. வளையம் கிளையம் எதுவும் தொடாதே. முதலாளி பாய் வரட்டும்."

இரண்டு மணிக்கு முதலாளி அத்தர் மணக்கத் தொப்பியோடு வந்தார். குமரேசன் அண்ணன் அவர் பின்னாலேயே. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ரேடியோ கேக்கறேன்னுதானே சொன்னே?" என்றார் முதலாளி.

"கேக்கவும் செய்யும் சார். பேசவும் செய்யும்."

"யார்கிட்ட?"

"கொழும்பு வரைக்கும் சார்."

"பாட்டு?"

"வராது சார்."

அவர் முகத்தில் முதல் ஏமாற்றம் அதில்தான் தெரிந்தது. குமரேசன் அண்ணன் குறுக்கே வந்தார். "சார், இது அந்தம்மாவைக் காப்பாத்தறதுக்கு சொல்ற கதை. ரேடியோவுக்குத் தோல் வளருமா?"

நசீமா அக்கா ஒரு ஆட்டுத்தோலை எடுத்தார். கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "நாலே கால்" என்றார். பிறகு அதை இயந்திரத்தில் விடவில்லை. குமரேசன் அண்ணனிடம் நீட்டினார்.

"நீங்களே விடுங்க சார். என் கை பட்டா இழுத்தேன்னு சொல்லுவீங்க."

நான் மாடிப்படி ஏறி அறைக்கு ஓடினேன், போனைக் காதில் வைத்தபடி. முதல் முறை விசையைத் தொடவில்லை. "நாலே கால்" என்று முதலாளியின் குரல் கேட்டது. அடுத்து அக்காவின் குரல்: "தம்பி, ஜின்னை எழுப்பு." டா டி டா டி, டா டா டி டா. நிதானமாக, தேவைக்கும் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேன்.

போனில் பட்டை உருளும் சத்தம் கேட்டது.

"அஞ்சு" என்றார் முதலாளி.

"இன்னொரு வாட்டி விடுங்க சார்" என்றார் அக்கா. நானும் இன்னொரு வாட்டி அழுத்தினேன்.

"நாலே முக்கா."

"குமரேசன் சார்..." அக்காவின் குரலில் தேன் வழிந்தது. "கொஞ்சம் இழுத்துப் புடிச்சீங்களோ? நல்ல பேரு வாங்கறதுக்கு?"

அந்தச் சமயம் பார்த்து ரேடியோவில் ஒரு பதில் வந்தது. ஹைதராபாத் நண்பர். வெள்ளிக்கிழமை என்றால் அவரும் காத்திருப்பார். கீழே ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பது தெரியாமல் ஒரே ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும் அனுப்பினார்: 'சோக்?'

நான் பதில் அனுப்பவில்லை. அனுப்பினால் தோல் இன்னும் வளர்ந்திருக்கும்.

கீழே வந்தபோது முதலாளி என் அறிக்கையைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டாவது வரியில் விரலை வைத்து, "இதை யாரு உன்னைக் கேட்டா?" என்றார். அந்த வரியை அடித்து, நடந்ததைக் கீழே எழுதி, தொழுகை முடிந்து திரும்பியிருந்த எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'என் ரேடியோவின் அலை' என்ற இடத்தில் கூட்டம் சிரித்தது. 'நசீமா அவர்களின் அளவில் குறை இல்லை' என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதன் பிரதி பார்ட்டிக்குப் போனது. குமரேசன் அண்ணன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த லாட் முழுவதையும் தானே நின்று திரும்ப அளக்க உதவினார். அவரால் முடிந்தது அவ்வளவு.

"அந்த கம்பியை இன்னிக்கே கழட்டிடு" என்றார் முதலாளி என்னிடம்.

"வேணாம் பாய்" என்றார் அக்கா.

எல்லோரும் திரும்பினோம்.

"கழட்டிட்டா நாளைக்கு வேற எதுனா கோளாறு வந்தா யாரு ஒத்துக்குவா? இவன் இங்கயே இருக்கட்டும். ஒழுங்கா கட்டட்டும். அந்த ரூம் சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். வேலை போகவில்லை. சாவி போனது.

சனிக்கிழமை வளையம் ஒருவழியாக மேசையை விட்டு எழுந்தது. பதினோரு சுற்று, கம்பி தொடங்கும் இடத்திலேயே. இரண்டாவது காலாக மாடி ஓரமாக இன்னொரு ஒயரை நீட்டினேன். கேபிளைத் தட்டிலிருந்து எடுத்து வெளிச்சுவரோடு தனியாக விட்டேன். ட்யூனர் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று காட்டியது. அது எப்போது காட்டவில்லை? கீழே அக்கா அதே ஆட்டுத்தோலை விட்டார். நான் அழுத்தினேன். நாலே கால். இன்னும் அழுத்தினேன். நாலே கால். அவர் திரும்பத் திரும்ப விட்டார், நாலே கால், நாலே கால். எனக்கு அதைவிட அழகான பதில் எந்த நாட்டிலிருந்தும் வந்ததில்லை.

அன்று மாலையே வீட்டுக்காரம்மாவிடம் அழைப்பு மணியின் உண்மையைச் சொன்னேன். ஏஜென்சிக்கு அவரையே பேசவைத்தேன். பழைய சிலிண்டர்காரர் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் சிலிண்டரைக் கீழேயே இறக்கிவிட்டு, "நீ தூக்கிட்டுப் போ தம்பி" என்று கைகட்டி நின்றார். வீட்டைக் காலி செய்யும்வரை அந்தத் தெருவில் மாடி ஏறவேண்டிய சிலிண்டர் எதுவாக இருந்தாலும் என் தோளில்தான் ஏறியது. குறை சொல்லவில்லை. கனம் சரியாகத்தான் இருந்தது.

இனி உங்கள் முறை. அந்த ஆட்டுத்தோல் அளக்கும் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. பின்பக்கம் நாலே கால், ஐந்து, நாலே முக்கால் என்று மூன்று எண்கள், மூன்றும் குமரேசன் அண்ணனின் கையெழுத்தில். வெள்ளிக்கிழமை நீங்கள் போனதும் முதலில் நசீமா அக்காவைப் பாருங்கள். சலாம் சொல்லுங்கள். சாவி வாங்குங்கள். மேலே போய் ரேடியோவைப் போட்டு, போனைக் காதில் வைத்து, விசையை ஒருமுறை நீளமாக அழுத்துங்கள். அவர் கீழே தோலை விட்டுப் பார்ப்பார்.

நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு எழுத்து. அதுவும் அவர் கேட்டதால். "போலாம்னு சொல்றதுக்கு உங்க பாஷையில இன்னா?" என்றார். சொன்னேன். எண் சரியாக இருந்தால் போனின் மேலேயே விரல் கணுவால் தட்டுவார்: டா டி டா.

அது வந்த பிறகு உலகத்தைக் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால், உங்கள் மீட்டர் ஒன்றுக்கு ஒன்று என்று சத்தியமே செய்தாலும், விசையிலிருந்து கையை எடுங்கள்.